கொட்டாவி விட்ட ஆத்தா

அழகேசன் பிராந்தியை விட்டால் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பதாக வேண்டிக்கொண்டவள் அவன் மனைவி மலர்கொடி. சட்டியை அவன்தான் தூக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே வேண்டிவிட்டாள்.

அழகேசனும் தை மாதம் கோயிலில் கயிறு கட்டி, நிஜமாகவே பிராந்தியை விட்டான். ஆனால் சாயங்காலமானால் கையும் வாயும் சும்மா இருக்க மாட்டோம் என்றன. அப்போதுதான் அரியலூர் ரோட்டில் ஜெயப்பிரகாஷ் வைத்திருக்கும் சூப்பர் மார்க்கெட்டில் அந்தப் பச்சை பாட்டிலைப் பார்த்தான். பெயர் வேர்சக்தி. லேபிளில் ஒரு இலை, இலைக்குப் பின்னால் புஜம் காட்டும் ஒரு ஆள்.

"முழுக்க மூலிகைண்ணே. ஒடம்பு வலி போயிரும், மனசு லேசாயிரும்" என்றான் ஜெயப்பிரகாஷ்.

கயிறு கட்டும்போது பூசாரி தர்மன் சாராயம், பிராந்தி, பீர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லித்தான் சத்தியம் வாங்கினார். அதில் மூலிகை இல்லை. அதனால் அழகேசன் தைரியமாகக் குடித்தான். சாயங்காலம் ஒன்று என்று ஆரம்பித்தது, காலையிலும் ஒன்றானது. அப்புறம் மத்தியானம் களை பறிக்கிற நேரத்திலும் வேண்டியிருந்தது. காலி பாட்டில்களை மோட்டார் கொட்டகையில் ஒளித்துவைத்தான். மூலிகையை எதற்கு ஒளிக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

திருவிழா வந்தது, காப்புக் கட்டினார்கள். கையில் மஞ்சள் கயிறு ஏறிவிட்டால் தீச்சட்டியை இறக்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. ஜெயப்பிரகாஷ் கடையோ எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம், கல்லெறி தூரத்தில் இருந்தது.

மறுநாள் காலையிலேயே அவனுக்கு மூக்கு ஒழுகியது. உடம்பெல்லாம் புல்லரித்தது. கொட்டாவி மேல் கொட்டாவியாக வந்தது. எல்லைக்கல் பக்கத்தில் நின்று போன் போட்டான்.

"தம்பி, ஒரு பாட்டில் கொண்டாந்து குடுத்துட்டுப் போப்பா."

"ஒன்னே ஒன்னுதான்ணே இருக்கு. உங்க ஊர்க்காரர் ஒருத்தரு காப்புக்கு முன்னாடியே பெட்டி பெட்டியா அள்ளிட்டுப் போயிட்டாரு. கடையில ஆள் இல்ல, நான் நின்ன எடத்துலேருந்தே வீசுறேன், புடிச்சுக்குங்க."

வீசினான். அழகேசன் கை நடுங்கியதில் பாட்டில் நழுவி எல்லைக்கல்லில் பட்டு உடைந்தது. மண்டியிட்டு, கல்லில் வழிந்ததை விரலால் தொட்டு நக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் ஆட்டுமணிச் சத்தம். மலர்கொடி!

"என்னய்யா பண்ற?"

"எல்லைச்சாமிய கும்புடுறேன்டி."

"நாக்காலயா கும்புடுவ?" என்றாள். கல்லை மோந்து பார்த்தாள். இருமல் மருந்தில் வேப்பங்கொட்டையை ஊறவைத்தது போல ஒரு வாடை. ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனாள்.

தீச்சட்டி அன்று பம்பை அடிக்கத் தொடங்கியதுமே அழகேசனுக்கு உடம்பு தூக்கிப் போட்டது. வேர்த்து ஊற்றியது, பல் கிட்டியது.

"ஆத்தா வந்துட்டா!" என்று கத்தினார் பூசாரி தர்மன். பெண்கள் குலவை போட்டார்கள். ஒருத்தி வேப்பிலையைக் கையில் திணித்தாள். அந்த நேரம் பார்த்து அழகேசன், காது வரைக்கும் வாயைத் திறந்து ஒரு கொட்டாவி விட்டான்.

"என்னடி இது, ஆத்தா கொட்டாவி விடுறா?" என்றாள் சின்னம்மாள்.

"பாவம், ராவெல்லாம் ரேடியோ செட்டு போட்டா அவ எப்புடித் தூங்குவா?" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மலர்கொடி வந்து காலில் விழுந்தாள். "ஆத்தா, நீயே வாயத் தொறந்து சொல்லு. எம்புருசன் எல்லாக் கருமத்தையும் விட்டுட்டானா?"

பம்பை நின்றது. ஊரே அவன் வாயைப் பார்த்தது. 'விட்டுட்டான்' என்று ஒரு சொல் சொன்னால் போதும், தீச்சட்டி கைக்கு வந்துவிடும், அவளும் நிம்மதியாகத் தூங்குவாள். ஆனால் அந்தப் பொய்யை ஆத்தா வாயால் சொல்ல வேண்டுமே.

"ஆத்தா இல்லடி, நாந்தான்" என்று அழுதுவிட்டான் அழகேசன். "பிராந்திய விட்டேன், சத்தியமா விட்டேன். இப்ப அந்தப் பச்ச பாட்டில் இல்லாம முடியல. மூலிகைதானேன்னு நெனச்சேன்டி."

"பொயலயும் செடிதான்யா. கஞ்சாவும் செடிதான்" என்றாள் மலர்கொடி. முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள். "கல்லுல நாத்தம் புடிச்சப்பவே தெரியும். நீயா சொல்லுவியான்னுதான் கேட்டேன். இந்த வருசம் சட்டி வேணாம். காப்ப அவுத்துட்டு அரியலூரு பெரியாஸ்பத்திரிக்கு வா."

காப்பைப் பாதியில் அவிழ்க்கலாமா என்று அம்மனிடம் பூப்போட்டுக் கேட்டார்கள். வெள்ளைப் பூவே வந்தது, அம்மனுக்குச் சம்மதம். அவிழ்த்துவிட்ட பூசாரி தர்மன், யாரும் பார்க்காத நேரத்தில் அழகேசனைச் சாமி வாகனக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனார். குதிரை வாகனத்துக்குப் பின்னால் பெட்டி பெட்டியாக வேர்சக்தி.

"யோவ், அள்ளிட்டுப் போனது நீதானா!"

"கத்தாதப்பா. காப்புத் தேதி குறிச்சதே நாந்தானே, முன்னாடியே வாங்கி வச்சுட்டேன்" என்றார் தர்மன், குரலை இறக்கி. "டாக்டர்கிட்ட நல்லா வெவரமா கேட்டுட்டு வா. நம்ம ஊர்ல இன்னொருத்தரும் இருக்காருன்னு மட்டும் சொல்லு. பேரு வேணாம்."

சொல்லி முடிப்பதற்குள், காலையிலிருந்து பாட்டிலைத் தொட நேரம் கிடைக்காத அவருக்கும் ஒரு கொட்டாவி வந்தது.

கொட்டகை வாசலில் நின்ற மலர்கொடி அதைப் பார்த்துவிட்டாள். "பஸ்ஸுல ரெண்டு பேருக்கா எடம் போடணும், மூணு பேருக்கா பூசாரி?"