பதினைந்து மீட்டர்

முன்பு ஊரப்பாக்கத்து ஓடைக்கரையில் குழாய் பதிக்கத் தோண்டிய மண் மழையில் சரிந்தபோது, துளசிங்கத்தின் மகள் அனுப்பிரியா அதோடு போனாள். புதுக் குடிநீர்க் குழாயாவது கரையிலிருந்து பதினைந்து மீட்டர் தள்ளிப் போகட்டும் என்று அவர் ஏழு மனு எழுதினார். ஒருவழியாக ஒப்புக்கொண்டார்கள்.

இன்று பொறியாளர் ஜெஃப்ரி பிடித்த டேப், துளசிங்கத்தின் கொல்லையில் அனுப்பிரியா வைத்த சப்போட்டா மரத்தில் போய் நின்றது. இந்த வருஷம்தான் முதல் காய்ப்பு.

“உங்க ரூல் உங்க தலையிலயே விழுது சார். ரெண்டு மீட்டர் கரைப்பக்கம் தள்ளிக்கலாம். யாரு கேக்கப் போறா?”

“நான் கேப்பேன் தம்பி. கரையில கை வைக்காதீங்க. மரத்த எடுத்துடுங்க.”

ஒரு மணி நேரம் அவகாசம் கேட்டு, எல்லாக் காய்களையும் பறித்து அரிசி டிரம்முக்குள் ஒவ்வொன்றாகப் புதைத்தார். அத்தனையும் பிஞ்சு, பழுக்காது என்று அவருக்குத் தெரியும்.