படி வெட்டும் வரை

விடியுமுன்பே நெட்டச்சி மரக்கன்றுக் கூடையைத் தூக்கிக்கொண்டு மேடேறினாள். மூடிப்போன சுரங்கம் கக்கிய கழிவு மண், ஐந்து மாடி உயரம். கால் வைத்தால் கணுக்கால்வரை உள்வாங்கியது. கந்தக நெடி தொண்டையை அறுத்தது. குழி போட்டால் பாதி மண் சரிந்து குழியையே மூடியது.

மண்ணைச் சோதிக்க வந்த ஆய்வாளரம்மா போன மாதமே சொல்லியிருந்தார். "முதல்ல சரிவைப் படிபடியா வெட்டுங்க. மழைத்தண்ணி இறங்க வாய்க்கால் எடுங்க. சுண்ணாம்பு போட்டுப் புளிப்பைக் குறைச்சு புல்லு விதைங்க. அது வேர் பிடிச்ச பிறகுதான் மரம்."

கான்ட்ராக்டர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் போட்டதோடு சரி. வெள்ளிக்கிழமை அதிகாரிகள் வருகிறார்கள். ரோட்டிலிருந்து பார்த்தால் பச்சை தெரிய வேண்டும்.

ராத்திரி மழையில் மேடு ஊறிக் கிடந்தது. காலை ஏழு மணி இருக்கும். "அண்ணி, காலு..." என்று பக்கத்தில் குழி போட்டுக்கொண்டிருந்த நாத்தனார் கூப்பிட்டாள். நெட்டச்சி திரும்புவதற்குள் மேல்மண் சரிந்து மூடியது; அங்கே ஆளில்லை. மேட்டில் வேலை செய்த மற்ற பதினோரு பேரும் வெறுங்கையால் தோண்டினார்கள். கடப்பாரையைத் தொட யாருக்கும் துணிவில்லை. முதலில் தலைமுடி தட்டுப்பட்டது. பிறகு முகம். வாய் நிறைய மண்.

உடலை ஏற்றிப்போன வண்டி மறைவதற்குள் கான்ட்ராக்டர் வந்தார்.

"நடந்தது நடந்துபோச்சு. மத்தியானத்துக்குள்ள அந்த எடத்துல திரும்பக் கன்னு வைங்க. ரோட்டுக்கு நேரா மொட்டையா தெரியுது."

"அடுத்தது யாருன்னு சொல்லிடுங்க," என்றாள் நெட்டச்சி. "வீட்ல சொல்லிட்டு வரட்டும்."

"நீ துக்கத்துல பேசற. வீட்டுக்குப் போ. மத்தவங்க ஏறுங்க."

யாரும் ஏறவில்லை. கான்ட்ராக்டர் எது சொன்னாலும் தலையாட்டுகிற கடப்பாரைக்காரர்தான் வாய் திறந்தார்.

"படி வெட்டறதுன்னா ஏறறோம் சார். கன்னு வைக்க ஏறமாட்டோம்."

"வேற ஆளைக் கூட்டியாருவேன்."

"கூட்டியாங்க," என்று அவர் மேட்டடியில் உட்கார்ந்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

மூன்று மணிக்கு லாரி வந்தது. இறங்கியவர்களை நெட்டச்சி மறிக்கவில்லை. சரிந்த இடத்துக்கு அழைத்துப்போய், நாத்தனார் செத்த விதத்தையும் சரிவை வெட்ட வேண்டிய முறையையும் சொன்னாள்.

"ரெண்டு மாசம் கழிச்சுக் கெடைச்ச வேலை, அக்கா. அதையும் கெடுக்கறியே," என்றாள் வந்தவர்களில் ஒருத்தி.

நெட்டச்சி சரிவின் ஈர மண்ணைக் காட்டினாள்.

வந்தவள் குனிந்து அதில் ஒரு பிடி எடுத்தாள். சேறு விரலிடுக்கில் வழிந்தது. பிறகு கீழே இறங்கி, தன் கூடையைக் கவிழ்த்து வைத்தாள்.

"தள்ளி உக்காரு, எடம் விடு," என்றாள் உட்கார்ந்திருந்த கடப்பாரைக்காரரின் பக்கத்திலிருந்தவளிடம்.

லாரியடியில் தயங்கி நின்றவர்களில் இன்னும் இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். ரோட்டிலிருந்து போலீஸ் ஜீப் மேட்டை நோக்கித் திரும்பியது. உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை.