ஏகமனதாக

அப்பாவின் சீருடைச் சட்டையை மடிக்க மனம் வராமல் மடித்துக்கொண்டிருந்தாள் மகள். காலையில்தான் அதற்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தாள். சாயங்காலம் ஆளே இல்லை. இப்படியும் நடக்குமா?

சட்டமன்றத்தில் அப்பா கதவுக் காவலர். அவள் அங்கேயே முதலுதவி அறையில் நர்ஸ். உலக மனித உரிமைப் பிரகடனத்தை அங்கீகரிப்பதாக அவையில் இன்று ஒரு தீர்மானம். யாரையும் எதற்கும் கட்டுப்படுத்தாத தீர்மானம். "இத வச்சு ஒரு பல்பு கூட மாத்த முடியாதும்மா. ஆனா கதவ மட்டும் கெத்தா சாத்தணும்" என்று கிளம்பும்போது சிரித்தார். வாக்கெடுப்பு என்றால் கதவைச் சாத்திவிட்டு உட்புறம் சாய்ந்து நிற்பது அவர் வேலை. முடிவைச் சொல்லும்வரை கதவு திறக்காது. அதைக் கேட்டே வளர்ந்தவள் அவள்.

மதியம் பார்வையாளர் மாடத்திலிருந்து ஒருவர் முதலுதவி அறைக்கு ஓடிவந்து, உங்கப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதவோரம் சரிந்துவிட்டார் என்றார். கடைசி வரிசைக்கும் பின்னால் என்பதால் உள்ளே ஒருவரும் கவனிக்கவில்லையாம். பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். வாக்கெடுப்பு நடக்கிறது சிஸ்டர், இதோ முடிந்துவிடும் என்று வெளியே நின்ற காவலர்கள் தடுத்தார்கள். நின்றாள். உயிர் வாழும் உரிமை ஒவ்வொரு மனிதருக்கும் உண்டு என்று ஒலிபெருக்கியில் சபாநாயகர் நிறுத்தி நிதானமாக வாசித்தார். ஏகமனதாக நிறைவேறியது. மேசை தட்டும் சத்தம் ஓயவே இல்லை. கதவு திறந்தபோது அப்பாவின் உடம்பில் சூடு இருந்தது, நாடி இல்லை.

அப்பாவோடு வேலை பார்த்த இன்னொரு காவலர் வீட்டுக்கு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சொல்லாம இருக்க முடியலம்மா. அந்தக் கதவுல பூட்டு கெட்டுப்போய் ரொம்ப நாளாச்சு. தாழ்ப்பாளும் கிடையாது. உங்கப்பா சாஞ்சு நிப்பாரு, அவ்வளவுதான்."

அவள் சட்டையைக் கீழே வைத்தாள்.

"அப்போ தள்ளியிருந்தா?"

அவர் எழுந்து வாசல் பக்கம் போய்விட்டார். அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

உள்ளறையில் அப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா ஒரு துண்டை நீட்டி, கொண்டுபோய்க் கொடு என்றாள். மகள் கதவுக்கு முன்னால் போய் நின்றாள். விரலால் மெல்லத் தட்டினாள்.

"திறந்துதாம்மா இருக்கு, தள்ளு" என்றார் உள்ளிருந்து சித்தப்பா.

துண்டைப் பிடித்தபடி அவள் அங்கேயே நின்றாள்.