செங்கோடனாக இருப்பவர்

செவ்வாய்க்கிழமை காலை செங்கோடனின் கைபேசி, "நீங்க யாருங்க?" என்று கேட்டது. மரியாதையாகத்தான் கேட்டது. அவர் முகத்தைக் காட்டினார். பொருந்தவில்லை என்றது. கட்டைவிரலை வைத்தார். "யாரோட வெரலுங்க இது?" என்றது.

அவர் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. பல்லடம் பக்கம் அந்த வருஷம் நிறையப் பேர் திருட்டுப் போயிருந்தார்கள். மாவு மில்காரர் போன மாதம் போனார். இப்போது மாவு மில்காரராக இருப்பவர்தான் மில்லை ஓட்டுகிறார். மாவு முன்னைவிட நைசாக இருக்கிறது என்று ஊரில் பேச்சு.

எப்படி நடந்தது என்பதும் அவருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை, தெரியாத எண்ணிலிருந்து கைபேசிக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. விவரமானவன் அதைத் தொடமாட்டான். ஆனால் கொங்குப் பக்கம் விவரத்தைவிட முறை பெரிது. பத்திரிகை அனுப்பினோம், திறந்துகூடப் பார்க்கவில்லை என்று நாளைக்கு ஒரு சொல் கிளம்பிவிட்டால், அப்புறம் அந்த வீட்டோடு போக்குவரத்தே கிடையாது. வீட்டில் ஒரு நல்ல காரியத்தை வைத்துக்கொண்டு எவன் அந்தப் பேச்சை வாங்குவான்? திறந்தார். உள்ளே பெண் பெயரும் இல்லை, மாப்பிள்ளை பெயரும் இல்லை. வெள்ளையாக இருந்தது. இல்லாதப்பட்டவர்கள் வீட்டுக் கல்யாணம் போலிருக்கிறது, பாவம், என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டில் இருந்த நல்ல காரியம், ஒரே மகள் இளவேனிலின் நிச்சயம். வெள்ளிக்கிழமை. அப்பா இடத்தில் உட்கார்ந்து, சம்மதத்துக்கு அடையாளமாகச் சம்பந்தி வீட்டாரோடு உப்புச் சர்க்கரை மாற்ற வேண்டியவர் செங்கோடன். அதற்குள் தன்னை எப்படியாவது மீட்டுவிட வேண்டும். அவருடைய கவலை அந்த ஒன்றுதான். வங்கிக் கணக்கும் மற்றதும் போனால் போகட்டும்.

தன் தறி சாமான் கடையைத் திறக்கப் போனார். கடை திறந்திருந்தது. வாசலில் பெரிய மச்சான் காளியப்பன் நின்றுகொண்டிருந்தார். புதுமனை புகுவிழாவுக்கு நேரில் வந்து அழைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு, வருஷக்கணக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர். இன்றைக்கு அவர் கண் கலங்கியிருந்தது. செங்கோடன் வாட்ஸப்பில் மன்னிப்புக் கேட்டுவிட்டாராம். மூட்டு வலி தேவலையா என்று விசாரித்தாராம். இப்படி ஒரு மனுஷனையா தப்பாக நினைத்தோம் என்று, செங்கோடனைப் பார்த்தே, செங்கோடனைப் பற்றிச் சொன்னார். "அவர் நான்தானுங்க மச்சா" என்றார் செங்கோடன். காளியப்பன் முகம் மாறிவிட்டது. இப்படிச் சொல்லிக்கொண்டு ஒருத்தர் சுற்றி வருவார் என்று வாட்ஸப் செங்கோடன் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தாராம்.

திருட்டுப் போனவர்களுக்கான ஆபீஸ், முகூர்த்தமில்லாத நாட்களில், ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வாசலில் பன்னீர் தெளித்து, பெண் வீடா மாப்பிள்ளை வீடா என்று கேட்டுத்தான் உள்ளே விட்டார்கள். நடை நீளமாக இருந்தது. அவர் நடக்க நடக்க எதிரே ஆட்கள் சிமெண்டு பூசி இன்னும் நீளமாக்கிக்கொண்டிருந்தார்கள். கோடியில் யாரோ, "செங்கோடன்" என்று கூப்பிட்டார்கள். அவர் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து அறையிலிருந்து, "வந்துட்டேனுங்க" என்று ஒரு குரல் கேட்டது. அவர் எட்டி நடை போட்டார்.

அதிகாரி ரஞ்சிதம் மேசைமேல் முறத்தை வைத்துச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "இருங்க, அவரையே கேட்டுருவோம்" என்று செங்கோடனின் எண்ணுக்கே போன் போட்டு, சத்தமாகக் கேட்கும்படி வைத்தார். அடையாளக் கேள்வி இரண்டு பேருக்கும் ஒன்றுதான். நியாயம் என்றால் அதுதானே நியாயம்.

"உங்க மக கடைசியா எப்பங்க அழுதா?"

செங்கோடன் யோசித்தார். "பத்தாவது படிக்கறப்பங்க. வளத்த நாய் செத்துப் போச்சு."

போனில் இருந்த குரல் தணிவாக இருந்தது. "போன வியாழக்கெழமைங்க. சமையல் ரூம்புல நின்னுட்டு அழுதா. அப்பாவுக்கு மாப்பளையப் புடிக்கலையோன்னு. நேத்து வாட்ஸப்புல கேட்டேனுங்க, அவளே சொன்னா."

மாப்பிள்ளையைச் செங்கோடனுக்குப் பிடித்துத்தான் இருந்தது. நல்ல பையன். அதை மகளிடம் சொல்ல வேண்டும் என்று மட்டும் அவருக்குத் தோன்றியதே இல்லை. சொல்லாமலே தெரியும் என்று இருந்துவிட்டார். நம் ஆண்பிள்ளைகள் பாதிப் பேர் அப்படித்தானே இருந்துவிடுகிறார்கள்.

"செரியான பதிலுங்க" என்றார் ரஞ்சிதம், போனைப் பார்த்து. பிறகு செங்கோடனிடம், அவர்மேல் நேற்றே ஒரு புகார் வந்திருப்பதாகச் சொன்னார். செங்கோடன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறாராம். "ஆனா நல்ல மனுசனுங்க அவரு. உங்கள ஒண்ணும் பண்ண வேண்டாம்னுட்டாரு. பேரில்லாம வெளிய போவக் கூடாதுங்க. மாரப்பன்னு ஒண்ணு சும்மா கெடக்குது. வெச்சுக்குங்க. ஆளு வந்தாத் திருப்பிக் குடுத்துருங்க."

அந்தப் பேரைப் போட்டுப் பார்த்தார். கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது.

மூன்று ராத்திரி மண்டபத் திண்ணையில் படுத்திருந்துவிட்டு, வெள்ளிக்கிழமை காலை அவர் தன் வீட்டுக்குப் போனார். வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். மனைவி சுலோச்சனா புதுச் சேலையில் நின்று வருகிறவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவரை "ஏனுங்க" என்பதைத் தவிர வேறு மாதிரி கூப்பிட்டு அறியாதவள். அவரைப் பார்த்ததும் கைகூப்பினாள்.

"வாங்கண்ணா. உள்ள போய் உக்காருங்க."

அவர் உள்ளே போய் உட்கார்ந்தார். அந்த ஒரு சொல்லுக்குமேல் அவளிடம் என்னத்தைப் பேசுவது?

அப்பா இடத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். குட்டையாக இருந்தார். மீசை இல்லை. செங்கோடனின் சாடை கொஞ்சமும் இல்லை. அதை யாரும் ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் மாப்பிள்ளையின் தோளில் கைபோட்டு ஏதோ சொல்ல, பையன் சிரித்தான். பக்கத்தில் நின்ற இளவேனிலும் சிரித்தாள். மகள் இப்படிச் சிரித்துச் செங்கோடன் பார்த்ததில்லை. அவருக்குப் பொறாமையாக இருந்தது. அழுகையும் வந்தது.

தட்டுகளை நடுவில் வைத்தார்கள். பெரியவர் ஒருவர் எழுந்து, "சபையில எல்லாருக்கும் சம்மதங்களா?" என்று கேட்டார். மாப்பிள்ளை வீட்டுக்காரர்களின் முறை அது. கூடியிருப்பவர்களில் ஒரு வாய் மூடியிருந்தாலும் உப்பு கைமாறாது. தட்டைத் தூக்கிக்கொண்டு அவரவர் ஊருக்குப் போய்விட வேண்டியதுதான்.

எல்லாரும் சம்மதம் என்றார்கள். பெரியவர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"ஒரு கொரலு கொறையுதுங்களே."

எல்லாரும் திரும்பினார்கள். அப்பா இடத்தில் இருந்தவரும் திரும்பினார். அவர் பார்வையில் கோபமே இல்லை. காத்திருந்தார். அவருக்கு அவசரமும் இல்லை. செங்கோடனுக்கு அதுதான் பயமாக இருந்தது.

இப்போது எழுந்து நின்று, நான்தான் இவளைப் பெற்றவன் என்று சொல்லலாம். சபை கேட்டுத்தான் ஆக வேண்டும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

இளவேனில் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு அவரையே பார்த்தாள். யாரோ ஒரு விருந்தாளி தன் கல்யாணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிற பார்வை. கண் நிரம்பத் தொடங்கியது.

"எனக்கு மாப்பளைய ரொம்பப் புடிச்சிருக்குதுங்க" என்றார் அவர். "சம்மதமுங்க."

"சொன்னது யாருங்க?"

"மாரப்பனுங்க."

உப்பும் சர்க்கரையும் கைமாறின. இளவேனில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விருந்தாளியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். பிறகு திரும்பி அப்பாவின் காலில் விழுந்தாள். அவர் அவள் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணினார். நன்றாகத்தான் பண்ணினார்.