இடது பக்கங்கள்

பைண்டரம்மாவுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அன்று பிற்பகல் முதல்வர் அறையில் அவர் பேசியது பக்கத்து நாற்காலிக்கே சரியாகக் கேட்கவில்லை என்றால் கோபத்தின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இறையியல் கல்லூரி நூலகத்தில் இருபத்தாறு வருடமாகக் கிழிந்த புத்தகங்களைத் தைத்து ஒட்டுகிறவர் அவர். கணவர் அதே கல்லூரியில் வாத்தியார். இறந்து எட்டு மாதம் ஆகிறது. விட்டுப்போனது ஒரு தடித்த நோட்டு. ஆதித் திருச்சபையின் மீன், நங்கூரம், பாம்பு ஆகிய அடையாளங்களிலும் நற்செய்திகளிலும் ஞானவாதிகளின் கை இருக்கிறதா என்பதுதான் அதில் பேச்சு. ஞானவாதிகள் என்றால், ரகசிய அறிவு பெற்றவர்களுக்குத்தான் இரட்சிப்பு என்று சொன்ன பழைய கூட்டம். நோட்டைப் புத்தகமாகப் போடுவதாக அடக்க ஆராதனையிலேயே முதல்வர் வாக்குக் கொடுத்திருந்தார். இப்போது கூப்பிட்டு உட்காரவைத்து, முடியாது என்கிறார்.

"வருத்தமாத்தான் இருக்கு," என்றார், முகத்தில் வருத்தத்தின் சுவடே இல்லாமல். "ஆனா பதிப்புக் குழு ஒரு மனசா முடிவு பண்ணிடுச்சு. சார் கடைசிக் காலத்துல அந்தப் பக்கம் சாஞ்சிட்டாரு. இத அச்சடிச்சா கல்லூரியே ஞானவாதம் பேசுதும்பாங்க."

"எந்தப் பக்கம் சாஞ்சாரு?"

பக்கத்து நாற்காலியில் இருந்த குழுச் செயலர், நோட்டிலிருந்து நகலெடுத்த நாற்பது தாள்களைப் பைண்டரம்மா முன் நகர்த்தினார். இந்தச் செயலர் ஒருகாலத்தில் வாத்தியாரின் மாணவர். முதல் வரிசையில் உட்கார்ந்து கேள்வியாகக் கேட்டுத் துளைப்பார் என்பதால் வாத்தியார் வைத்த பெயர் 'முன்பெஞ்சு'. பைண்டரம்மா கையால் சாப்பிட்ட நாள்கள் எத்தனையோ. அப்படிச் சாப்பிட்ட கைதான் இன்று மஞ்சள் மையால் வரிவரியாகக் கோடு போட்டு, சொந்த ஆசிரியரை வேதப்புரட்டர் ஆக்கியிருக்கிறது.

"ஒண்ணே ஒண்ணு படிக்கிறேம்மா," என்றார் செயலர். "'ஏதேனில் பாம்பு மனிதனை ஏமாற்றவில்லை, அவன் கண்ணைத் திறந்தது. அதனால்தான் நான்காம் நற்செய்தியே வனாந்தரத்தில் உயர்த்தப்பட்ட பாம்பைக் கிறிஸ்துவுக்கு ஒப்பிடுகிறது.' பாம்ப கும்பிட்டவங்க பேச்சும்மா இது. சார் கையெழுத்துதான்."

கையெழுத்து அவருடையதுதான். குண்டு குண்டாக, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல். ஆனால் முப்பது வருடம் ஞானவாதிகளோடு மல்லுக்கு நின்ற மனுஷன். சாப்பாட்டு மேசையில்கூட விடமாட்டார். "நீ அவங்க கட்சி, நான் சபை கட்சி, ஆரம்பி" என்பார். பைண்டரம்மா ஜெயித்துவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. எதிராளி வாதத்தை எதிராளியைவிட நன்றாகச் சொல்லத் தெரியாதவனுக்குப் பதில் சொல்ல யோக்கியதை இல்லை என்பது அவர் கொள்கை. அப்பேர்ப்பட்டவரை, எழுந்து வந்து பதில் சொல்ல முடியாத நேரம் பார்த்துக் கூண்டில் ஏற்றியிருக்கிறார்கள்.

பைண்டரம்மா தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். எழுத்தைப் பார்க்கவில்லை, ஓரத்தைப் பார்த்தார்.

"தம்பி, எல்லாத் தாள்லயும் வலது ஓரத்துல கறுப்பா நிழல் விழுந்திருக்கே, ஏன்?"

"மெஷின் கோளாறா இருக்கும்மா."

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. நோட்டுல தையல் இருக்கிற ஓரம் கண்ணாடில படியாது, அங்க நிழல் விழும். வலது ஓரத்துல விழுந்தா அது இடது பக்கம். நாப்பதும் இடது பக்கம். வலது பக்கமெல்லாம் எங்க?"

செயலர் முதல்வரைப் பார்த்தார். முதல்வர் ஜன்னலைப் பார்த்தார்.

"அதெல்லாம் ஒரே கிறுக்கலா இருந்துச்சும்மா. தெளிவா இருந்ததத்தான் எடுத்தேன்."

"அவங்க வாதத்த இடது பக்கம் அழகா எழுதுவாரு. தன்னோட பதிலத்தான் வலது பக்கம் அடிச்சு அடிச்சு எழுதுவாரு, திருப்தியே வராது. இத்தன பேரு உக்காந்து படிச்சீங்களே, எதிர்ப்பக்கத்துல என்ன இருக்குன்னு ஒருத்தருக்குக்கூடவா பாக்கத் தோணல?"

பதிலுக்குக் காத்திராமல் மேசையிலிருந்த நோட்டை இழுத்தார். பாம்புப் பக்கத்தைத் திறந்து, எதிர்ப்பக்கத்துக் கிறுக்கலில் விரலை வைத்து வாசித்தார். அந்தக் கிறுக்கலைப் படிக்க உலகத்தில் அவர் ஒருத்தரால்தான் முடியும்.

"'இது வகுப்பில் முன்பெஞ்சு கேட்டது. நான் கொஞ்சம் மெருகேற்றியிருக்கிறேன். பாம்புக் கூட்டத்தைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் நற்செய்திக்குப் பிந்தியது. பாம்பை நற்செய்தியிலிருந்து எடுத்துக்கொண்டவர்கள் அவர்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் எத்தனையோ அடையாளம் இருக்க நற்செய்தி பாம்பைத் தொடுவானேன்? இதற்கு என்னிடம் பதில் இல்லை. கேட்டவனே ஒருநாள் கண்டுபிடிப்பான்.'"

செயலரின் முகம் செத்துவிட்டது. மஞ்சள் கோடு போட்டது தன் கேள்விக்கே என்று தெரிந்தால் யாருக்குத்தான் முகம் இருக்கும்.

முதல்வர்தான் முதலில் தேறினார். பூசி மெழுகுவதில் அவருக்கு அனுபவம் அதிகம். "சரி, ஏதோ தப்பு நடந்துபோச்சு. இப்படிச் செய்வோம். வலது பக்கங்கள மட்டும் போடுவோம். அந்த 'பதில் இல்லை'ய மட்டும் எடுத்துருவோம். ஜனங்க குழம்பிடுவாங்க பாருங்க."

பைண்டரம்மா அங்கியின் பையிலிருந்து தாள் வெட்டும் கத்தியை எடுத்து நோட்டின்மேல் வைத்தார். குரல் இன்னும் இறங்கியது.

"இடது பக்கத்தயெல்லாம் நீங்களே வெட்டிக் குடுங்க. ஒண்ண வெட்டுனா அதோட முதுகுல இருக்கிற வலது பக்கமும் கூடவே வந்துரும். ஒரே பக்கம் இருக்கிற தாள நான் இதுவரைக்கும் தச்சதில்ல."

முதல்வர் கத்தியைத் தொடவில்லை.

"ரெண்டு பக்கமும் போடுவோம் சார்," என்றார் செயலர், தலை நிமிராமலே. "குழுவுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். நான்தான தப்பா எடுத்தேன்." நோட்டை எடுக்கக் கை நீட்டினார். "முழுசா நகலெடுத்துட்டு வரேம்மா."

பைண்டரம்மா நோட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "இனிமே இது என் கையவிட்டுப் போகாது. வா. நான் புரட்டறேன், நீ பட்டன அமுக்கு."

நகல் இயந்திரம் நூலகத்தின் கோடியில் இருந்தது. இடதும் வலதும் சேர்ந்த ஒவ்வொரு விரிப்பாக அவர் கண்ணாடியில் வைத்து அழுத்திப் பிடிக்க, செயலர் அமுக்கினார். பாம்புப் பக்கம் வந்ததும் அவர் விரல் நின்றுவிட்டது.

"இந்தக் கேள்விய நான் கேட்டேங்கிறதே மறந்துபோச்சும்மா."

"அவரு மறக்கல," என்றார் பைண்டரம்மா. "அமுக்கு."