பையில் போட்ட கை

அமெரிக்கக் கால்பந்தில், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்காகப் பதினொரு வருடம் தொழில்முறையில் ஆடி ஓய்வுபெற்ற டாரெல், பயிற்சியாளர் வேலை கேட்டு நெப்ராஸ்காவின் கல்லூரி ஒன்றுக்கு வந்திருந்தார். வசந்தகாலப் பயிற்சி ஆட்டத்தில் அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று பார்த்துத்தான் முடிவு என்றிருந்தார் தலைமைப் பயிற்சியாளர் கிரான்ட்ஸ்.

குவார்ட்டர்பேக் கைதட்டியதும் முன்னால் குனிந்திருப்பவன் பந்தைப் பின்னால் அனுப்புவான். கல்லூரி அணியின் குவார்ட்டர்பேக் வெஸ்லி இன்னும் ஆட்களை அவரவர் இடத்தில் நிறுத்திக்கொண்டிருந்தான். ஓரத்தில் நின்ற டாரெல் பழக்கதோஷத்தில் பட்டென்று தட்டிவிட்டார். அந்தச் சத்தத்தை நம்பி முன்னால் இருந்தவன் அனுப்பிய பந்து வெஸ்லியின் தலைக்கவசத்தில் மோதி உருண்டது.

“யோவ், ஓய்வு வாங்கினத உன் கைகிட்ட சொல்லலையா?” என்றார் கிரான்ட்ஸ்.

“தப்பு என்னோடதுதான்.” டாரெல் இரு கைகளையும் மேலங்கிப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

“கோச், இப்ப நான் தட்டிக்கலாமா?” என்று வெஸ்லி டாரெலைப் பார்த்துக் கத்தினான்.

தட்டினான், எறிந்தான், புள்ளிகள் கிடைத்தன. அரங்கமே கைதட்டியது. டாரெல் மட்டும் பையிலிருந்து கையை எடுக்கவில்லை.

“கைய வெளிய எடுய்யா,” என்று கிரான்ட்ஸ் குலுக்கத் தன் கையை நீட்டினார். “திங்கக்கிழமை வேலைக்கு வந்துரு.”