டாஸி டாலிவரின் இசைத்தட்டு

இசைத்தட்டு லேபிளின் மேல் ஒட்டியிருந்த காகிதத் துண்டை லவெல் பக்னர் ஈரப் பஞ்சால் தொட்டுத் தொட்டு உரித்தார். மாவுப் பசை. பூச்சி வரும், விட்டுவைக்க முடியாது.

கிளார்க்ஸ்டேல் ஊரில் மூடிப்போன சலவைக்கடை ஒன்றில் நாலாயிரத்துக்கு மேல் ப்ளூஸ் இசைத்தட்டுகளை அவர் சேர்த்து வைத்திருந்தார். ஹோசியா ரக்கர் பாடியது இது ஒன்றுதான். வேறு பிரதி எங்கும் இருப்பதாக யாருக்கும் தெரியாது. தன் மாமியார் வைத்திருந்தது என்று போன வாரம் ஆர்சூலா பெட்டி என்ற அம்மாள் கொண்டுவந்து கொடுத்தார்.

காகிதத்தில் 'பெட்டி' என்று அவர்கள் குடும்பப் பேர் இருந்தது. அது கழன்றதும் அடியில் ஊதாப் பென்சில் எழுத்து தெரிந்தது: டாஸி டாலிவர். திருப்பித் தரவும்.

சனிக்கிழமை ஆட்டபாட்ட விருந்துக்கு ஆளுக்கு நாலு இசைத்தட்டு எடுத்துப்போன காலம் அது. பேர் எழுதாத தட்டு வீடு திரும்பாது. பேர் எழுதியும் இது திரும்பவில்லை.

டாஸியின் மகள் ஐசலீன் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்தார். சர்ச்சில் முன்வரிசை. ப்ளூஸ் சாத்தானின் பாட்டு என்று, மகன் வாங்கிய தட்டுகளைக் குப்பை எரிக்கும் பீப்பாயில் போட்டவர்.

பாட்டைப் பிரதி எடுத்துக்கொள்ளலாமென்றால், தேய்ந்த தட்டுக்கேற்ற ஊசி இன்னும் தபாலில் வந்துகொண்டிருந்தது. ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். லவெல் அரை நாள் மூடிக்கொண்டிருந்தார். பிறகு ஆர்சூலாவுக்குப் போன் செய்தார்.

"அந்தக் காகிதத்த மறுபடி ஒட்டிடு, லவெல்."

"முடியாதும்மா."

"அப்ப எங்க மாமியார் திருடியா?"

"கைமாறி வந்திருக்கும். திருப்பிக் குடுக்க மறந்திருப்பாங்க."

"மறந்தவ எதுக்கு மேல காகிதம் ஒட்டுனா?" என்றார் ஆர்சூலா. "ஐசலீன் கைக்குப் போனா சாம்பல்தான். சொல்லிட்டேன்."

அடுத்த போன் ஐசலீனுக்கு.

மறுநாள் ஐசலீன் தொப்பியும் கைப்பையுமாக வந்து நின்றார். தட்டைத் தொடவில்லை. எழுத்தைக் குனிந்து பார்த்தார்.

"அம்மா கையெழுத்துதான். இதுக்கு நான் அடி வாங்கினேன், தெரியுமா? ஒன்பது வயசு. விருந்துல இருந்து பத்திரமா கொண்டுவந்துட்டேன்னு அம்மா சாதிச்சா. நான்தான் உடைச்சுப் புதைச்சுட்டேனாம். பீச் மரக் குச்சி ரெண்டு முறிஞ்சுது. சாகற வரைக்கும் அம்மா என்ன நம்பல."

லவெல் நாற்காலியை இழுத்துப் போட்டார். ஐசலீன் உட்காரவில்லை.

"இது இங்கயே இருக்கட்டுமேம்மா. உங்க அம்மா பேர்லயே வைக்கிறேன்."

"திருப்பித் தரவும்னு எழுதியிருக்கு. பள்ளிக்கூடத்துல பேண்டு வாத்தியாரா இருந்தவன்தானே, படிக்கத் தெரியாதா?"

"தெரியும்மா. ஒரு வாரத்துல ஊசி வந்துரும். ஒரே ஒரு தடவை பிரதி..."

"அறுபத்திரண்டு வருஷம் ஆச்சு, தம்பி. மொதல்ல அது வீட்டுக்கு வரட்டும்."

லவெல் இரண்டு அட்டைகளுக்கு நடுவே தட்டை வைத்துக் கட்டினார். முடிச்சு நழுவியது. மறுபடி போட்டார். கார் வரைக்கும் தானே தூக்கிப்போனார்.

"வெயில் படாம, படுக்க வைக்காம, நிமித்தி..."

"நாலு பெத்தவகிட்ட சொல்றியா?"

ஊசி வியாழக்கிழமை வந்தது. லவெல் ஐசலீனுக்குப் போன் செய்யவில்லை. ஆர்சூலாதான் தினமும் இவருக்குச் செய்தார்.

"புகை தெரியுதா, லவெல்?"

"வைங்கம்மா போன."

செவ்வாய்க்கிழமை காலையில் ஐசலீன் வந்தார். தோளில் பெரிய துணிப்பை. லவெல் அதைப் பார்க்காதிருக்க முயன்றார்.

"எரிக்கலாமான்னு யோசிச்சேன்," என்றார் ஐசலீன். "பொய் சொல்ல மாட்டேன். ஞாயித்துக்கிழமை பீப்பா வரைக்கும் போனேன்."

ஐசலீன் மேசைமேல் இருந்த தட்டச்சு இயந்திரத்தைப் பார்த்தார்.

"ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு அட்டை எழுதி வைப்பியாமே?"

"ஆமாம்மா. யாரு பாடினது, யாரு குடுத்ததுன்னு."

"யார் வேணா வந்து படிக்கலாமா?"

"யார் வேணா."

"அப்ப அடி. டாஸி டாலிவர் கொடுத்தது."

அடித்தார்.

"ஐசலீன் உடைக்கவில்லை."

லவெலின் விரல் தட்டச்சின் மேல் நின்றது. "அதுவுமாம்மா?"

"அதுக்குத்தான் வந்தேன்."

அடித்து, அட்டையை உருவிக் கொடுத்தார். ஐசலீன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். அட்டையை மேசைமேல் வைத்தார். பிறகு உட்கார்ந்து, பையைத் திறந்தார்.